வேகவதியில் வெள்ளம் வந்தால் முதலில் நிறைவது தறிக்குழி: காஞ்சிபுரம் நெசவாளருக்கு எச்சரிக்கை எப்போது வரணும்?

வடகிழக்குப் பருவமழை தீவிரமாகும்போதெல்லாம் காஞ்சிபுரத்தில் ஒரு பெயர் அடிபடும்: வேகவதி. மற்ற நாட்களில் சாக்கடை ஓடும் வாய்க்கால் மாதிரி தெரியும் இந்த ஆறு, சில மணி நேர மழையில் ஆளே மாறிவிடும். கரையோர வீடுகளில் இருப்பவர்கள் உடனே கிளம்பணும். ஆனால் நெசவாளர் வீட்டில் "உடனே" என்பது அவ்வளவு சுலபம் இல்லை. காரணம், தறி.

எங்கிருந்து வருகிறது தண்ணீர்?

தாமல் ஏரிப் பகுதியில் தொடங்கி, காஞ்சிபுரம் நகரை ஒட்டி ஓடி, திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது வேகவதி. வழியில் அதன் கரையில்தான் திருப்பருத்திக்குன்றம் இருக்கிறது. பல்லவர் காலத்தில் தொடங்கிய திரைலோக்கியநாதர் சமணக் கோயிலால் 'ஜின காஞ்சி' என்று பெயர் பெற்ற ஊர்.

இந்த ஆற்றில் பெரிய அணை எதுவும் கிடையாது. ஏரிகள் நிரம்பி, கலங்கல் வழியே வழியும் உபரி நீர்தான் வெள்ளமாக வருகிறது. ஏரி நிரம்பும் வரை ஆறு சும்மா இருக்கும். நிரம்பிய பிறகு பெய்யும் மழை அப்படியே ஆற்றுக்கு வந்துவிடும். அதே நேரத்தில் பாலாறும் நிறைந்து ஓடினால், வேகவதித் தண்ணீர் வடிய இடமில்லாமல் தேங்கும். கரையை ஆக்கிரமித்த கட்டடங்களால் ஆற்றின் அகலமும் குறைந்துவிட்டது.

இந்த ஊருக்கு இது புதுசும் இல்லை. பிரம்மாவின் வேள்வியைத் தடுக்க சரஸ்வதி வேகவதியாகப் பெருக்கெடுத்து வந்தாள், பெருமாள் குறுக்கே படுத்துத் தடுத்தார் என்பது திருவெஃகா கோயிலின் தலபுராணம். ஆற்றின் பெயரிலேயே வேகம் இருக்கிறது.

2021 நவம்பரில் என்ன நடந்தது?

நவம்பர் 19, 2021 வாக்கில் வாலாஜா அருகே பாலாறு அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் போனது. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். அப்படியென்றால் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 230-க்கும் மேல், ஒவ்வொரு வினாடியும் கடந்து போவதற்குச் சமம். காஞ்சிபுரத்தில் வேகவதி கரையோரக் குடியிருப்புகளையும் தண்ணீர் சூழ்ந்தது.

அதே மழையில் வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டில் அதிகாலையில் வீட்டுச் சுவர் இடிந்து 9 பேர் இறந்தார்கள். அதில் 4 பேர் குழந்தைகள். வெள்ளம் அடித்துக்கொண்டு போவது மட்டும் ஆபத்து இல்லை. ஊறிய சுவரும் ஆபத்துதான். "வீட்டுக்குள்ளேயே இருப்போம், தண்ணி வடிஞ்சிடும்" என்ற கணக்கு எங்கே தப்பாகும் என்பதற்கு அந்தச் சம்பவமே சாட்சி.

தறியை விட்டுவிட்டு ஏன் கிளம்ப முடியவில்லை?

குழித்தறியில் நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிப்பார். மண்ணில் ஈரம் ஏறினால் முதலில் ஊறுவது அந்தக் குழிதான். தெருவில் தண்ணீர் தெரியும் முன்பே குழியில் தெரிந்துவிடும். ஒரு வகையில் அதுதான் வீட்டுக்குள் இருக்கும் வெள்ள அளவுகோல்.

தறியில் பூட்டியிருக்கும் பாவில் ஆயிரக்கணக்கான பட்டு இழைகள் இருக்கும். அதை அவிழ்த்து, சிக்கில்லாமல் சுற்றி, உயரத்தில் கட்டுவது பத்து நிமிட வேலை இல்லை. அவசரத்தில் அறுத்தால் இழை இழையாக மறுபடி முடிந்து சேர்க்கணும். பட்டும் ஜரிகையும் நனைந்தால் நஷ்டம் பெரிது. பல வீடுகளில் அந்தப் பட்டு நெசவாளருடையதே இல்லை. கூலிக்கு நெய்ய, சங்கமோ முதலாளியோ கொடுத்தது. கெட்டுப்போனால் பதில் சொல்ல வேண்டியவர் நெசவாளர்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும், சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் முன்கூட்டியே கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். காரை மேலே ஏற்றலாம். தறியை எங்கே ஏற்றுவது?

அப்போ எச்சரிக்கை எப்படி இருக்கணும்?

டிசம்பர் 2, 2024 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் தத்தளித்தன. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. போதிய முன்னறிவிப்பு இல்லை என்றன எதிர்க்கட்சிகள். யார் சொன்னது சரி என்பதைத் தாண்டி ஒன்று தெளிவு: தூங்கும் நேரத்தில் கிடைக்கும் தகவல் ஆளைக் காப்பாற்றலாம், பொருளைக் காப்பாற்றாது.

நெசவாளர் தெருவுக்கு இரண்டு கட்ட எச்சரிக்கை வேண்டும். ஏரி நிரம்பப் போகிறது என்ற நிலையிலேயே, பகல் வெளிச்சத்தில், "பாவை எடுத்துக் கட்டுங்க" என்று முதல் தகவல். கலங்கல் வழியத் தொடங்கியதும் "ஆள் கிளம்புங்க" என்று இரண்டாவது. முதல் தகவல் வராத வீட்டில், இரண்டாவது தகவல் வரும்போது ஆட்கள் தறியோடு போராடிக்கொண்டு இருப்பார்கள்.

ஆக்கிரமிப்புகளை அகற்றி, வேகவதிக் கரைவாசிகளைக் குடியமர்த்த கீழ்கதிர்ப்பூரில் அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டுள்ளன. உயிருக்கு அது பாதுகாப்பு. ஆனால் மூன்றாவது மாடியில் தறிக்குழி தோண்ட முடியாது. போகிற குடும்பம் நெசவுக் குடும்பம் என்றால், தறிக்கு இடமும் சேர்த்துத்தான் யோசிக்கணும்.

மழை நாளில் என்ன செய்யலாம்?

- தறிக்குழியில் ஊற்று தெரிந்தால் நெசவை நிறுத்திவிட்டு, பாவையும் பட்டையும் உயரத்துக்கு மாற்றுங்கள். இரவு வரை காத்திருக்க வேண்டாம்.
- ரேஷன் கார்டு, ஆதார், கூட்டுறவுச் சங்கப் பாஸ்புக், மருந்து எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும்.
- தண்ணீர் உள்ளே வரும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வந்த பிறகு சுவிட்ச் பக்கம் போக வேண்டாம்.
- வேகமாக ஓடும் தண்ணீர் கணுக்காலைத் தாண்டினாலே பெரியவர்களையும் சாய்த்துவிடும். இரண்டடி ஓட்டம் காரையே இழுத்துப் போகும். தரைப்பாலத்தில் இறங்கவே கூடாது.
- டிஎன் அலர்ட், சசேத் ஆப்களை போனில் வைத்திருங்கள். உதவிக்கு மாவட்ட எண் 1077, மாநில எண் 1070, அவசரத்துக்கு 112.
- கிளம்பச் சொன்ன பிறகு தறிக்காகத் திரும்பிப் போகாதீர்கள்.

கடைசிக் குறிப்பைச் சொல்வது சுலபம், கடைப்பிடிப்பது கஷ்டம். நனைந்த பாவுக்கு யார் பொறுப்பு என்பதை மழைக்கு முன்பே சங்கங்களும் அரசும் தெளிவாகச் சொல்லிவிட்டால், அந்தக் கஷ்டம் பாதி குறையும். "பட்டு போனால் போகட்டும், நீ வா" என்று ஒரு நெசவாளரிடம் சொல்ல, அந்த உத்தரவாதம் கையில் இருக்கணும்.