கடாரத்தில் அரை மணி நேரம்

சுற்றுலா என்னும் சொல்லுக்கு முன்னே ‘கல்வி’ என்னும் அடைமொழியைச் சேர்த்துவிட்டால் அது கல்வியாகிவிடும் என்னும் நம்பிக்கை தமிழ்ப் பள்ளிகளிலும் தமிழர் சங்கங்களிலும் வேரூன்றி நிற்கிறது. பேருந்து, உணவுப் பொட்டலம், ஒரே நிறச் சட்டை, பதாகை, ஒலிபெருக்கி ஏந்திய வழிகாட்டி ஆகிய ஐந்தும் அமைந்துவிட்டால் பயணம் சிறப்பாக நிகழ்ந்தது என்று கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டுவிடும். மாணவர் எதைக் கண்டனர், கண்டதிலிருந்து எதைக் கற்றனர், வீடு திரும்பியபின் பெற்றோரிடம் எதை எடுத்துரைத்தனர் என்னும் வினாக்களை எழுப்புவார் இலர். இக்குறை எல்லாச் சுற்றுலாக்களுக்கும் பொதுவே. ஆயினும் கடாரத்தின் பெயரால் நடைபெறும் ஒருநாட் சுற்றுலாவில் இது குறை என்னும் எல்லையைக் கடந்து தீங்காகவே மாறிவிடுகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து புறப்படும் அத்தகைய பயணத்தின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாலே உண்மை விளங்கும். நள்ளிரவு கடந்ததும் பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ பேருந்து புறப்படும். 350 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் காலையில் கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியை அடையும். அங்கே பசியாறிய பின்னர், மெர்போக்கிலுள்ள பூசாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்திற்குச் செல்வர். அதற்கு ஒதுக்கப்படும் நேரம் அரை மணி. புக்கிட் பத்து பகாட் சண்டியின் படிகளில் நின்று குழுப்படம் எடுத்துக்கொள்வர். ‘சண்டி’ என்பது பழங்கோயிலுக்கு மலாய் மொழியில் வழங்கும் பெயர். அடுத்து, ஜெராய் மலையடிவாரத்திலுள்ள தூப்பா அருவிக்கு விரைவர். நீராட்டமும் நண்பகல் உணவும் அங்கே மூன்று மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். மாலையில் பேருந்து திரும்பும். இடிபாடு கடமையாகவும் அருவி பரிசாகவும் அமைந்த இந்த ஏற்பாட்டையே ‘வரலாற்றுப் பயணம்’ என்று பதாகை பறைசாற்றுகிறது.

அந்த அரை மணி நேரத்திலாவது உண்மை சொல்லப்படுகிறதா? இல்லை. இராசேந்திர சோழன் படையெடுத்து வந்து இந்நாட்டை வென்று இக்கோயில்களைக் கட்டினான் என்று வழிகாட்டி முழங்குகிறார். சிறுவர் கைதட்டுகின்றனர், உடன்வந்த பெரியோர் நெஞ்சு நிமிர்கின்றனர். ஆசிரியர்களும் தலையசைக்கின்றனர். கேட்பதற்கு இனிமையான அக்கூற்றைத் தாங்கி நிற்கும் சான்று அம்மண்ணில் எதுவும் இல்லை.

சான்றுகள் கூறுவது வேறு. இராசேந்திரனின் கடற்படை 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தைத் தாக்கியதைச் சோழர் மெய்க்கீர்த்தி விரிவாகப் பேசுகிறது. ஆனால் அது பேசுவது வெற்றியை, கோயிற்பணியை அன்று. பூசாங் பள்ளத்தாக்கில் அவன் பொறித்த கல்வெட்டு ஒன்றும் கிடைத்ததில்லை. அங்குக் கிடைத்த பழைய எழுத்துப் பொறிப்புகளிற் பெயர்பெற்றவை வடமொழியில் அமைந்த பௌத்த வாசகங்களே. மேலும், அப்படையெடுப்புக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், கடாரத்து அரசன் மாரவிசயோத்துங்கவர்மனின் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளி எழுந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இறையிலியாக வழங்கியவன் இராசேந்திரனின் தந்தை இராசராசன். படையெடுப்பு முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், 1090ஆம் ஆண்டளவில், முதற் குலோத்துங்கன் அவ்வறக்கொடையை மீண்டும் உறுதிப்படுத்தினான். இரண்டு கொடைகளுக்கு நடுவே ஒரு போர் என்பதுதான் வரலாறு. கொடைகளை மறைத்துப் போரை மட்டும் சிறுவர் செவியில் ஓதுவது எந்த அறத்தின்பாற்படும்? சங்க காலத்துப் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்துப் பொருளையும் சேர்த்துச் சொல்கிறது. அக்காழகம் கடாரமே என்பது நச்சினார்க்கினியர் உரை. தமிழருக்கும் கடாரத்துக்கும் இருந்த தொடர்பில் வாளுக்கு முன்னே வாணிகம் நின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இனி, அருவியைப் பார்ப்போம். இடிபாட்டைக் கண்டபின் களைப்பு நீங்க நீராடும் இடமாக மட்டும் அதனைக் கருதுவதே இப்பயணத்தின் மூலப்பிழை. ஜெராய் மலையின் நீரோடைகள் இல்லையேல் அச்சண்டிகளே இல்லை. ‘பத்து பகாட்’ என்றால் உளியாற் கொத்திய கல் என்று பொருள். சண்டியை ஒட்டி ஓடும் ஓடையின் கருங்கற்களே அச்சண்டியாக எழுந்து நிற்கின்றன. அதன் மண்டபத்தில் இன்று கூரை இல்லை. ஆனால் தூண் நின்ற கற்பீடங்களில் குழிகள் உள்ளன. அவை மரத்தூண்களைத் தாங்கிய குழிகள். ஓடைக் கல்லும் காட்டு மரமும் கலந்த அக்கட்டடம், தமிழகக் கோயிலின் வெறும் பெயர்ப்பாக இல்லாமல், இம்மண்ணின் மக்களும் கைவினைஞரும் தம் வழக்கப்படி எழுப்பிய ஒன்றாக விளங்குகிறது. 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்சும் அவர்தம் துணைவியாரும் அங்கு அகழ்ந்தனர். 1960ஆம் ஆண்டளவில் அது சீரமைக்கப்பட்டபோது அடித்தளத்திலிருந்து கற்பேழைகள் வெளிப்பட்டன. இவற்றை ஓடைக்கரையில் நின்று ஓர் ஆசிரியர் விளக்கினால், மாணவன் காலை நனைக்கும் நீரே அவனுக்குப் பாடநூலாகும்.

கடலோடிகளுக்கும் அம்மலையே வழிகாட்டி. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஜெராய், வங்கக் கடலைக் கடந்து வந்த மரக்கலங்களுக்குத் தொலைவிலிருந்தே கரையைக் காட்டியது. காற்று மாறும்வரை அவை தங்க மெர்போக் ஆறு இடம் தந்தது. மலை தந்த நன்னீர், காடு தந்த பொருள், ஆறு தந்த துறை ஆகிய மூன்றும் கூடியதால் அங்கே நகரம் பிறந்தது. பெங்காலான் பூசாங்கில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளும் கண்ணாடி மணிகளும் அதற்குச் சான்று. சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் நடத்திய அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளையும், காற்றூதும் சுடுமண் குழாய்களையும், ஆற்றுத்துறையின் எச்சங்களையும் வெளிப்படுத்தின. அவற்றின் தொடக்கக் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் சோழர் படை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அங்கே தொழில் நடந்தது என்பதில் ஐயமில்லை. உலை ஊதியவன் யார், செங்கல் சுட்டவன் யார், மணி கோத்தவள் யார் என்று கேட்கும் மாணவனே வரலாறு கற்கிறான். எந்த மன்னன் வென்றான் என்று மட்டும் கேட்பவன் கதை கேட்கிறான்.

சிறுவர் விரும்புவது நீராட்டத்தையே, கல்லைக் காட்டினால் சலிப்படைவர் என்று இதற்கு மறுமொழி கூறுவர். மருந்தைத் தேனிற் குழைத்துத் தருவதே நல்லாசிரியன் வழி என்றும் அடுக்குவர். குழைத்துத் தரட்டும், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மருந்தைக் கீழே கொட்டிவிட்டுத் தேனை மட்டும் ஊட்டுவதை மருத்துவம் என்று எவரும் ஒப்பார். உலகெங்கும் இவ்வாறுதானே நடைபெறுகிறது என்று வாதிடுவோரும் உளர். மெக்சிக்கோவின் யுக்காத்தான் பகுதியில் மாயர்களின் சிச்சென் இட்சா இடிபாட்டையும், இயற்கைக் கிணறுகளில் நீச்சலையும் ஒரே நாளில் காட்டும் பயணங்கள் பெயர் பெற்றவை. அதனையே பார்க்கட்டும். அந்நிலம் சுண்ணக்கல்லால் ஆனது; மழைநீர் அடியிற் புகுந்துவிடுவதால் மேலே ஆறுகள் ஓடுவதில்லை. மேற்கூரை இடிந்து திறந்த நிலத்தடிக் குகைகளே அக்கிணறுகள். அவையின்றி மாயர் நகரங்களில் உயிர் வாழ்ந்திருக்க இயலாது. சிச்சென் இட்சாவின் பெருங்கிணற்றில் மழைத்தெய்வத்துக்குப் படைத்த பொன்னும் பச்சைக்கல்லும் மனித எலும்புகளும் கிடைத்துள்ளன. அப்புனிதக் கிணற்றில் இன்று எவரும் நீந்துவதில்லை; நீச்சலுக்கு வேறு கிணறுகள் உள்ளன. நீரைப் புரிந்துகொள்ளாதவன் அங்கும் இடிபாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. எனவே, அந்த எடுத்துக்காட்டு எதிர்வாதத்துக்கு உதவாது. கல்லையும் நீரையும் பிரிக்காமல் கற்பிக்க வேண்டும் என்பதையே அது வலியுறுத்துகிறது.

நீரைக் கேளிக்கையாக மட்டும் எண்ணுவதில் உயிர்க்கேடும் உண்டு. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் ஜெராய் மலையில் பெய்த பெருமழையால், ‘கெப்பாலா ஆயர்’ என்று மலாய் மக்கள் அழைக்கும் திடீர் வெள்ளம் மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு இறங்கியது. யான் வட்டாரத்தில் உயிர்கள் பறிபோயின. அருவிக்கரையில் வெயில் அடித்தாலும் மலையுச்சியில் மழை பெய்யலாம். நீர் கலங்கினால் உடனே கரையேற வேண்டும். நூறு சிறுவரை நீரில் இறக்கும் ஏற்பாட்டாளருள் இதனை அறிந்தவர் எத்தனை பேர்? மலையை அறியாமல் அருவியில் இறங்குவது அறியாமை. அறியாத சிறுவரை இறக்குவது பொறுப்பின்மை.

இவை எல்லாவற்றினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. சுங்கை பத்து வட்டாரத்தில் பதினோராம் எண்ணிட்ட சண்டி ஒன்று இருந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது எனக் கருதப்பட்ட அதன் அடித்தளம், வீடமைப்புக்காக நிலம் திருத்தியபோது தரைமட்டமாக்கப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. தனியார் நிலத்திலிருந்த அவ்விடம் அரசிதழில் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் ஏட்டில் இருந்தும் அச்சண்டியைக் காக்கவில்லை. செய்தி வந்தபின் எங்கும் கண்டனம் எழுந்தது, தமிழரும் கொதித்தனர். அக்கொதிப்பில் உண்மை இருந்தது. ஆனால் அதற்கு முன்னர்க் கடாரப் பயணம் சென்று வந்தோரில் அச்சண்டியின் எண்ணையாவது அறிந்திருந்தவர் எத்தனை பேர்? அதன் நிலம் யாருடையது என்று கேட்டவர் எத்தனை பேர்? எஞ்சியவற்றைப் பாதுகாக்க ஆண்டுதோறும் விண்ணப்பம் எழுதிய சங்கங்கள் எத்தனை? இருக்கும்போது அரை மணி நேரமும் ஒதுக்காதவர், இழந்தபின் அழும் அழுகைக்கு என்ன மதிப்பு?

கடாரப் பெருமை பேசுவதால் இந்நாட்டில் தமிழரின் உரிமை வலுப்பெறும் என்று சிலர் நம்புகின்றனர். அதுவும் பிழையே. படையெடுத்தவனின் பெயரைச் சொல்லி உரிமை கேட்பது அண்டை வீட்டார் உள்ளத்தில் அன்பை வளர்க்காது. இங்கு வாழும் தமிழருட் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்திலும் இரயில் பாதையிலும் உழைக்க வந்தவர்களின் வழியினர். கோலாலம்பூரைக் கட்டிய செங்கற் சூளைகளால் பெயர் பெற்றது பிரிக்பீல்ட்ஸ். அங்கே இரயில்வேக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் தண்டவாளம் இட்டவர்கள், வண்டி ஓட்டியவர்கள். அவர்களின் உழைப்பே உரிமைக்குப் போதிய ஆவணம். அதற்கு இராசேந்திரனைச் சாட்சிக்கு அழைக்கத் தேவையில்லை. கடாரத்தைக் கற்க வேண்டியது அது உண்மை என்பதற்காக. பல இனத்தார் ஒரே துறைமுகத்தில் கூடி வாழ்ந்த பாடம் அதில் இருக்கிறது என்பதற்காக.

ஆகவே செய்யத்தக்கவை எவை? முதலாவதாக, பயணம் பேருந்தில் தொடங்காமல் வகுப்பறையில் தொடங்க வேண்டும். பிரிக்பீல்ட்சிலிருந்து நடந்தே செல்லத்தக்க தொலைவில் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. கிள்ளானின் புக்கிட் கூடாவில் 1944இலும், பந்திங்கை அடுத்த சுங்கை லாங்கில் 1964இலும் வெண்கல முரசுகள் கிடைத்தன. அத்தகைய முரசுகளை அங்கே காட்டி, கடல் வாணிகம் கெடாவில் மட்டும் நிகழவில்லை, தம் ஊரிலும் நிகழ்ந்தது என்று கிள்ளான் மாணவனுக்கு உணர்த்தலாம். பீடோர் ஈயச் சுரங்கத்தில் 1936இல் கிடைத்த அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலையும் அங்குள்ளதே. அதனைக் கண்ட மாணவன், வடக்கு நோக்கிய பயணத்தில் பீடோரைக் கடக்கும்போது உறங்கமாட்டான்.

இரண்டாவதாக, ஒருநாட் பயணத்தைக் கைவிட்டு இரண்டு நாள் பயணமாக்க வேண்டும். பொருள் போதாதெனில் ஆண்டுக்கொருமுறை செல்வதை ஈராண்டுக்கொருமுறையாகக் குறைக்கலாம். முதல் நாள் முழுதும் அருங்காட்சியகத்துக்கும் சண்டிக்கும் சுங்கை பத்துவுக்கும் உரியதாகட்டும். அருங்காட்சியக வளாகத்திலுள்ள பிற சண்டிகள் வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து அமைக்கப்பட்டவை என்பதையும், புக்கிட் பத்து பகாட் சண்டி மட்டும் தன் பழைய இடத்திலேயே நிற்கிறது என்பதையும் மாணவர் அறியட்டும். மறுநாள் மலையும் ஆறும் காணட்டும், நீராடவும் செய்யட்டும். மூன்றாவதாக, அழைத்துச் செல்லும் ஆசிரியர் தாமே முன்னர் ஒருமுறை சென்று கற்றுத் திரும்ப வேண்டும். வாடகைக்கு அமர்த்திய வழிகாட்டியிடம் வரலாற்றை ஒப்படைப்பது, வகுப்பைப் பேருந்து ஓட்டுநரிடம் ஒப்படைப்பதற்கு ஒப்பாகும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதற்குத் தடை சொல்லக்கூடும். செலவைக் காட்டும், நாளைக் காட்டும். அவற்றுக்குத் தலைமையாசிரியர்கள் கூற வேண்டிய விடை ஒன்றே: நீராட்டம் மட்டுமே நோக்கமானால் சிலாங்கூர் மாநிலத்திலேயே அருவிகள் பல உள்ளன, 350 கிலோமீட்டர் செல்ல வேண்டியதில்லை. கடாரத்துக்குச் செல்வதாயின் கடாரத்தைக் காண்பதற்கே செல்ல வேண்டும். இல்லையேல் பதாகையிலிருந்து ‘கல்வி’ என்னும் சொல்லையாவது நீக்கிவிடட்டும்.