ரத்தம் எடுக்க வருகிறவர்கள்

புதுச்சேரியில் தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலில்தான் விழவேண்டும். செயின்ட் லூயி வீதியில் 1955 முதல் பிரெஞ்சு நிறுவனம். 1964இல் ஜிப்மர் என்று பெயர் பெற்ற மருத்துவக் கல்லூரி. 1975இல் கொசுவை ஆராய ஒரு மையம். 1985இல் காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம். ஆகமச் சுவடி, மகரந்தத் துகள், அரிக்கமேட்டு மண்பாண்டம், யானைக்கால், விழுப்புரம் கடலூர் கிராமங்களின் கடன் என்று இங்கே எதைத்தான் ஆராயவில்லை? ஆய்வுகளின் பன்முகத்தன்மை பற்றிப் பூரித்துப் பேசும் கருத்தரங்குகளுக்கு நானும் போயிருக்கிறேன். டீயும் பிஸ்கட்டும் நன்றாகவே இருக்கும். எனக்கு இருப்பது ஒரே கேள்வி. இத்தனை துறைகளிலும் சேரி எங்கே உட்கார்ந்திருக்கிறது? கேள்வி கேட்கிற நாற்காலியிலா, பதில் சொல்கிற திண்ணையிலா? (சேரி வீட்டில் திண்ணை ஏது என்பீர்கள். சரி, வாசப்படி.)

யானைக்கால் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். அந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் மேல்ரத்தத்துக்கு வரும். ஆகவே பரிசோதிக்கிறவர்களும் ராத்திரியில்தான் வந்து விரலைக் குத்துவார்கள். 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரம் முழுவதையும் களமாக்கி நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் நடத்திய வேலை உலக அளவில் பேசப்பட்டது. மருந்தடிப்பதை மட்டும் நம்பாமல், கொசு பிறக்கிற சாக்கடையையும் குட்டையையும் கவனித்தது. அது நல்ல விஞ்ஞானம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தச் சாக்கடையில் எத்தனை கொசுப்புழு என்று எண்ணத் தெரிந்த நமது அறிவுலகம், அந்தச் சாக்கடைக்குள் இறங்கியவனின் நுரையீரலை எண்ணியதா? அவன் என்ன சாதி என்று ஒரு பத்தி ஒதுக்கியதா? கையால் மலமள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையில் செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்சநீதிமன்றம் 2014இல் சொல்லி, 2023இல் அதை 30 லட்சமாக்கியது. விலை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. 2024 ஜூனில் ரெட்டியார்பாளையத்தில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு கழிவறை வழியாக வீடுகளுக்குள் வந்து 3 பேர் இறந்துபோனார்கள். நகரமே அதிர்ந்தது, அதிரவும் வேண்டும். ஆனால் அந்தக் காற்று குழிக்குள் இருந்தவரை அது யாருக்கும் செய்தியாக இல்லை.

எம்.ஏ. தமிழ் முடித்து வேலையில்லாமல் திரிந்த நாட்களில் ஏதோ ஒரு ஆய்வுத் திட்டத்துக்குப் படிவம் நிரப்பும் கூலியாகப் போனேன். கழிப்பறை உண்டா, இல்லையா. கடன் உண்டா, இல்லையா. நம் தெருதான். ஒரு ஆயா சொன்னது: "போன வருசமும் ஒரு பொண்ணு வந்து இதையேதான் கேட்டுச்சி. இல்லன்னு எழுதிக்க கண்ணு. அடுத்த வருசம் வர்றவங்க வெயில்ல இவ்ளோ தூரம் வரவேணாம், உங்கிட்டயே கேட்டுக்கச் சொல்லு." ஆய்வுமுறையியல் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அறிக்கை இங்கிலீஷில் வந்தது. தெருவுக்கு ஒரு எண் கொடுத்திருந்தார்கள், ஆயா சதவீதத்துக்குள் போய்விட்டார். இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. மாதிரிக் கணக்குக்கு நாம் எல்லோரும் ஆதிதிராவிடர்தான். சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால் மட்டும் 1964 ஆணையைக் காட்டி நீ பூர்வீகமா, குடிவந்தவனா என்பார்கள்.

வரலாற்றுக்கு வருவோம். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினார் என்று படிக்கிறோம். வீலரா மண்வெட்டி பிடித்தார்? ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736இலிருந்து 1761 வரை நீள்கிறது. ஆங்கிலத்தில் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. கவர்னர் துய்ப்ளேக்சின் அரசியலுக்கும் துணி வியாபாரத்துக்கும் அதைப் பிழிந்தெடுத்தாயிற்று. அதே நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் ஒரு பதிவு. சம்பா கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களைப் பிரித்து வைத்த சுவரை எதிர்த்து, பறைச்சேரி ஆட்கள் பெரிய சாமியாரிடம் போய் நியாயம் கேட்கிறார்கள். எங்களையும் சேர்த்துக்கொண்டு எங்களுக்கு மட்டும் ஏன் சுவர் என்பதுதான் வழக்கு. சுவர் இடிக்கப்படுகிறது. சாதிக் கிறித்தவர்கள் கொதிக்கிறார்கள். அம்பேத்கருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால் இதே ஊரில் நம் ஆட்கள் கூட்டமாகப் போய் ஒரு சுவரை விழவைத்திருக்கிறார்கள்! துபாஷியின் பேனா வழியாகத்தான் இது நமக்குக் கிடைக்கிறது என்பது வேறு விஷயம். பிரெஞ்சுப் புதுச்சேரி என்றால் மஞ்சள் சுவரைப் படமெடுக்கிறவர்கள் இந்தச் சுவரைப் பற்றிப் பேசுவதில்லை.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. புதுச்சேரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வயல்கூலியாகவும் மருத்துவச்சியாகவும் வாழ்ந்த வீரம்மா, ஜோசியான் ரசீனிடம் வருடக்கணக்கில் தன் கதையைத் தமிழில் சொன்னார். அது முதலில் பிரெஞ்சில் புத்தகமாகி, 1997இல் ஆங்கிலத்தில் வந்தது. அட்டையில் ஆசிரியர் பெயர்களில் முதலாவதாக வீரம்மா இருக்கிறார். பதிலளிப்பவர் எண் 43 அல்ல. இதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் நம்மூர் ஆயாவின் தமிழ், தமிழ்த் துறைகளைத் தாண்டி பாரீசுக்குப் போய்ப் புத்தகமாகிறது என்றால் அந்தத் துறைகள் என்ன செய்துகொண்டிருந்தன?

என்ன செய்தன என்று எனக்குத் தெரியும். முனைவர் பட்டத்துக்கு இலக்கண உரைகளைப் பற்றி ஆராயப் போகிறேன் என்றேன். "உங்க சனங்களோட பாட்டு, பறை, சாவுச்சடங்கு இதெல்லாம் பண்ணலாமே, உங்களுக்குத்தான தெரியும்" என்றார் நெறியாளர், மிகுந்த அன்போடு. நாம் பறையைப் பற்றி எழுதினால் அது களப்பணி, அவர்கள் தொல்காப்பியத்தைப் பற்றி எழுதினால் அது புலமை. சேரிப் பிள்ளை ஆராய்ச்சிக்கு வந்தாலும் சேரியைத்தான் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்பது வருணப் பாகுபாட்டின் பல்கலைக்கழக வடிவம்.

சித்த வைத்தியரும் வரலாற்றாசிரியரும் சமூகச் சிந்தனையாளருமான ஒரே மனிதர் 1907 முதல் 1914 வரை சென்னையிலிருந்து 'தமிழன்' இதழை நடத்தினார். மருத்துவம், வரலாறு, சமூகம் மூன்றையும் எந்தத் துறையின் சம்பளமும் இல்லாமல் ஆராய்ந்தார். அந்த அயோத்திதாசரின் எழுத்துக்கள் திரட்டப்பட்டுத் தொகுதிகளாக வந்தது 1999இல். நடுவில் 85 வருடம். பிரெஞ்சு நிறுவனங்கள் காக்கிற சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறின. யார் எந்த மண்டபம் வரை வரலாம் என்று வகுத்த ஆகமங்களைப் பூச்சி அரிக்காமல் பாதுகாக்கிறார்கள். பாதுகாக்கட்டும். நாளைக்கு நமக்கே சாட்சியாக உதவும். ஆனால் வரக்கூடாதவனின் காகிதத்தைக் காக்க ஒரு அலமாரி எங்கே இருக்கிறது?

இதைப் படிக்கிற ஆய்வு மாணவர்களுக்கு, அதிலும் நெறியாளர் தலைப்பு கொடுக்கக் காத்திருக்கிறவர்களுக்கு, ஒரு தலைப்பு என்னிடம் உண்டு. 1745இல் கோயில் சுவரை விழவைத்தவர்கள் புறப்பட்டு வந்த பறைச்சேரி இன்றைய நகர வரைபடத்தில் எந்த இடம், அது எப்போது யார் கைக்குப் போனது, அதன்மேல் இப்போது நிற்கிற கட்டிடம் யாருடையது.