நள்ளிரவு எந்த நாளுக்கு உரியது?

நுழையும்முன்

காலத்தை அளக்கக் கற்ற மனிதன், அளந்ததைப் பிறருக்கு ஐயமின்றித் தெரிவிக்கவும் கற்க வேண்டும். ஒரு நாளை 12 மணி நேரம் கொண்ட இரு கூறுகளாக எண்ணுவது ஒரு முறை; 24 மணி நேரமாகத் தொடர்ந்து எண்ணுவது மற்றொரு முறை. அன்றாட வாழ்வில் இரண்டாம் முறையை நாம் ஏன் கைக்கொள்ள வேண்டும் என்பதை எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

பயணச்சீட்டு சொல்லும் பாடம்

பெங்களூருவிலிருந்து தமிழகம் செல்லும் இரவுநேரத் தொடர்வண்டி ஒன்றில் ஒரு குடும்பத்தினர் முன்பதிவு செய்துள்ளனர் எனக் கொள்வோம். பயணச்சீட்டில் 15ஆம் நாள், 00.10 மணி என்று அச்சிடப்பட்டுள்ளது. அவர்கள் 15ஆம் நாள் இரவு உணவை முடித்துக்கொண்டு, பெட்டிகளுடன் நிலையத்தை அடைகின்றனர். ஆனால், அவர்கள் ஏற வேண்டிய வண்டி முந்தைய இரவே புறப்பட்டுவிட்டது. 15ஆம் நாள் பிறந்து பத்து நிமிடங்கள் ஆனபோது அது நடைமேடையை விட்டு நகர்ந்திருக்கும். கட்டணம் வீணாகிறது, மறுநாள் நடைபெறும் உறவினர் திருமணமும் கைநழுவிப் போகிறது.

இப்பிழைக்கு 24 மணி முறையே காரணம் எனச் சிலர் கூறலாம். அது சரியன்று. அதே நேரத்தை ‘15ஆம் நாள் இரவு 12.10’ என்று எழுதியிருந்தால் குழப்பம் மேலும் பெருகியிருக்கும். ஏனெனில், ‘15ஆம் நாள் இரவு’ என்றதும் அந்நாள் மாலைக்குப் பின் வரும் இரவே நம் நினைவுக்கு வருகிறது. ‘00’ என்னும் எண்ணோ, நாள் இப்போதுதான் தொடங்கியது என்பதை வெளிப்படையாகக் காட்டுகிறது. குறை முறையில் இல்லை. அதைப் படித்துப் பழகாத நம்மிடமே உள்ளது. தொடர்வண்டி நிலையத்தில் மட்டும் எதிர்ப்படும் ஒரு முறை நமக்கு எவ்வாறு பழகும்? வீட்டிலும் பள்ளியிலும் அதை நாள்தோறும் காண்போமாயின் இத்தகைய இழப்பு நேராது.

வரலாற்றில் நள்ளிரவு

நள்ளிரவு என்பது முடியும் நாளுக்கும் தொடங்கும் நாளுக்கும் பொதுவான எல்லை. 1947 ஆகத்து 14 அன்று இரவு 11 மணிக்கு அரசியல் நிருணய சபை தில்லியில் கூடியது. மணி பன்னிரண்டு ஆனபோது இந்தியா விடுதலை பெற்றது. நாம் ஆகத்து 15ஐ விடுதலை நாளாகக் கொண்டாடுகிறோம். அந்தக் கணத்தை 12 மணி முறையில் எழுதினால், அது எந்நாளைச் சேர்ந்தது என விளக்க வேண்டியிருக்கும். 24 மணி முறையில் முடியும் நாளின் எல்லை 24.00, தொடங்கும் நாளின் எல்லை 00.00. இரண்டும் ஒரே கணமே எனினும், எழுதுபவர் எந்நாளைக் கருதுகிறார் என்பதில் ஐயம் எழாது.

நம் முன்னோர் எண்ணிய வகை

நாள் முழுவதையும் தொடர்ச்சியாக எண்ணுவது நமக்கு அயலானது அன்று. தமிழர் ஒரு நாளை 60 நாழிகைகளாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி நேரம். பஞ்சாங்கங்களில் ஞாயிறு எழுவது முதல் மறுநாள் எழுவது வரை நாழிகைகள் தொடர்ந்து எண்ணப்பட்டன. ‘முற்பகல் நாழிகை’, ‘பிற்பகல் நாழிகை’ என இருமுறை ஒரே எண்ணைச் சொல்லும் தேவை அங்கே எழவில்லை.

காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என ஆறு சிறுபொழுதுகளையும் நம் இலக்கணம் வகுத்துள்ளது. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். இவற்றுள் யாமம் இரவு 10 மணிக்குத் தொடங்கி 2 மணி வரை நீள்கிறது. நள்ளிரவு அதன் நடுவில் அமைகிறது. நீர் நிரம்பும் கலத்தைக் கொண்டு நேரம் அறிந்து கூறியவர்களைப் பற்றி முல்லைப்பாட்டும் பேசுகிறது. பொழுதுகளுக்கு இனிய பெயரிட்ட தமிழரே, துல்லியம் வேண்டிய இடத்தில் எண்ணையும் பயன்படுத்தினர் என்பதை நாம் மறத்தலாகாது.

பல மொழி பேசும் நகரம்

பெங்களூருவில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி எனப் பல மொழிகள் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. பொழுதைக் குறிக்கும் சொற்கள் மொழிக்கு மொழி மாறுபடும். ஒரு மொழிக்குள்ளேயே கூட அவற்றின் எல்லை உறுதியாக இல்லை. இரவு 2 மணி என ஒருவர் கூறுவதை மற்றொருவர் அதிகாலை 2 மணி என்கிறார். நான்கு மணியை ஒருவர் பிற்பகல் என்கிறார். மற்றொருவர் மாலை என்கிறார். ஆனால் 02.00 என்பதும் 16.00 என்பதும் எல்லா மொழியினருக்கும் ஒன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் திறக்கும் நேரத்தையோ மின்தடை நேரத்தையோ இவ்வாறு எழுதி ஒட்டினால், படிப்பவர் எம்மொழியினராயினும் பொருள் மாறாது.

இந்நகரில் இரவுப்பணி புரிவோர் பலர். கடல் கடந்த நாடுகளுக்காகப் பணியாற்றும் கணினித்துறையினர், மருத்துவமனைச் செவிலியர், விமான நிலைய ஊழியர், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்குப் பகலும் இரவும் ஒன்றே. அவர்களிடம் ‘ஏழு மணிக்கு வருக’ என்றால் எந்த ஏழு மணி என்று கேட்கத்தான் செய்வர்.

கணக்கிடுவதில் எளிமை

எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மருந்தை உட்கொள்ள வேண்டும் எனக் கொள்வோம். காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என எழுதினால் 6, 2, 10 ஆகிய எண்களிடையே உள்ள இடைவெளி புலப்படுவதில்லை. 06.00, 14.00, 22.00 என எழுதினால் எட்டு எட்டாக உயர்வது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு வேளை மருந்து விடுபட்டிருந்தாலும் நோயாளியைப் பேணுபவர் அதனை உடனே கண்டுகொள்வார். நோயுற்றோர் நலனோடு தொடர்புடைய இடத்தில் இவ்வெளிமை சிறியதொரு நன்மை அன்று.

எழும் மறுப்புகள்

‘இருபது மணிக்கு உணவு உண்போம்’ என்று யார் பேசுவர் எனக் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அவ்வாறு பேச வேண்டியதும் இல்லை. செருமானியர் எழுத்தில் 20.30 எனக் குறித்தாலும், வீட்டில் பேசும்போது எட்டரை மணியைக் குறிக்கும் தம் வழக்குச் சொல்லையே கூறுவது இயல்பு. நாமும் எழுத்தில் 20.30 என்று எழுதி, பேச்சில் ‘இரவு எட்டரை’ என்றே கூறலாம். வைகறை, அந்தி முதலிய அழகிய சொற்கள் இதனால் அழிந்துவிடா.

சுவர்க் கடிகாரத்தில் 12 எண்களே உள்ளன என்பது மற்றொரு மறுப்பு. 1961ஆம் ஆண்டு சப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து பெங்களூருவில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனம், நாட்டின் பல இல்லங்களுக்கு நேரத்தைக் காட்டியது. அக்கடிகாரங்களின் முகமும் 12 எண் கொண்டதே. ஆயினும் நண்பகலுக்குப் பின் முள் காட்டும் எண்ணுடன் 12ஐக் கூட்டினால் போதும். 3 என்பது 15 ஆகும். தொடக்கப்பள்ளி மாணவரும் செய்யக்கூடிய கூட்டல் இது. முதியோருக்குத் துன்பம் தரும் என்போர், சில காலம் 15.00 (பிற்பகல் 3) என இரண்டையும் சேர்த்து எழுதலாம்.

பழக்கம் மாறக்கூடியதே

நேரம் பற்றிய வழக்கங்கள் முன்பும் மாறியுள்ளன. இந்தியத் தொடர்வண்டிகள் ஒரு காலத்தில் சென்னை வானாய்வகத்தின் நேரத்தைப் பின்பற்றின. 1906 சனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. கொல்கத்தா 1948 வரையிலும் மும்பை 1955 வரையிலும் தத்தம் பழைய நேரத்தையே வைத்திருந்தன. இன்று நாடு முழுவதும் ஒரே நேரம் என்பதை எவரும் வியப்பாகக் கருதுவதில்லை. 1957 ஏப்பிரல் 1 அன்று அணாக் கணக்கு நீங்கிப் பதின்மக் காசுமுறை வந்தபோதும் மக்கள் தடுமாறினர், பின்னர்ப் பழகிக்கொண்டனர். ‘நாலணா’ என்னும் சொல் பேச்சில் எஞ்சி நின்றது. கணக்கேடுகளில் பைசாவே இடம்பெற்றது. எழுத்தும் பேச்சும் இவ்வாறு தனித்தனி வழியில் செல்வதால் யாருக்கும் தீங்கில்லை.

நாம் செய்யத்தக்கது

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்பது என் கருத்தன்று. திருமண அழைப்பிதழில் ‘காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்’ என்னும் மரபுத்தொடர் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பிழை நேர்ந்தால் பிறருக்கு இழப்பு ஏற்படும் இடங்களில், அதாவது பயணம், மருந்து, தேர்வு, விண்ணப்பத்தின் இறுதி நேரம், பணிமுறைப் பட்டியல் ஆகியவற்றில், 24 மணி முறையையே எழுத வேண்டும்.

மாணவர்களே! இம்முறையை நீங்கள் கணக்குப் பாடத்தில் முன்பே கற்றுள்ளீர்கள். தேர்வு முடிந்ததும் அதனை மறந்துவிடாதீர்கள். கைப்பேசியின் அமைப்பில் ஒரு தெரிவை மாற்றினால், அது 24 மணி முறையில் நேரம் காட்டும். ஒரு வாரம் பழகிப் பாருங்கள். வீட்டில் யாரேனும் பயணச்சீட்டு வாங்கினால், அதில் உள்ள நாளையும் நேரத்தையும் படித்து, எந்த இரவில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதை அவர்களுக்கு எடுத்துக் கூறுங்கள்.

சிந்தித்து எழுதுக

1. 21.45 மணிக்குத் தொடங்கும் இரவுப்பணி 06.15 மணிக்கு முடிகிறது. பணிநேரம் எவ்வளவு?
2. உங்கள் பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழில் எம்முறையில் நேரம் குறிப்பீர்கள்? காரணம் தருக.
3. கட்டுரையாளரின் கருத்துகளுள் நீங்கள் உடன்படாத ஒன்றை எடுத்துக்கொண்டு, மறுத்து ஒரு பத்தி எழுதுக.