பந்தயத்துக்குப் புறப்படும் முன் யார் தருவது?

பிக்கிள்பால் என்று ஓர் ஆட்டம் வந்திருக்கிறது. பெயரைக் கேட்டு ஊறுகாய் சமாசாரம் என்று யாரும் எண்ண வேண்டாம். 1965ம் வருஷம் அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பெயின்பிரிட்ஜ் தீவில், கோடை விடுமுறையைக் கழித்த சிலர் பொழுது போகாமல் கண்டுபிடித்த ஆட்டம் இது. பழைய பாட்மின்டன் மைதானம் ஒன்று, பிங்பாங் மட்டை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து. இவ்வளவுதான் அன்று அவர்கள் கையிலிருந்த சாமான். மைதானத்தின் நீளம் 44 அடி, அகலம் 20 அடி. 2025 ஏப்ரலில் மத்திய சர்க்காரின் விளையாட்டு அமைச்சகம் இந்த ஆட்டத்துக்கென்று ஒரு தேசிய சங்கத்தை அங்கீகரித்தது. பெரிய நகரங்களில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி மைதானம் விடுகிறார்கள். சர்வதேசப் போட்டிக்கு ஆள் பொறுக்கும் தகுதிப் பந்தயங்களும் நடக்கின்றன. வாலிபர்களே, பயிற்சி எடுங்கள், தகுதி பெறுங்கள், தேசத்துக்குக் கீர்த்தி தேடித் தாருங்கள் என்று மேடைக்கு மேடை உபதேசமும் நடக்கிறது.

நல்லது. ஆட்டத்தின் மேல் நமக்கு விரோதம் எதுவும் இல்லை. புது ஆட்டமானாலும் பழைய சடுகுடு ஆனாலும் நம் பிள்ளைகளும் ஆட வேண்டும், ஜெயிக்க வேண்டும் என்பதே நம் ஆசை. நாம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. சர்வதேசப் பந்தயத்துக்குத் தயாராவது என்கிறார்களே, அந்தத் தயாரிப்புக்கு ஆகும் நாட்களையும் பணத்தையும் யார் தருவது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்த ஆட்டமானாலும் படிகள் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் மாவட்டப் போட்டி. பிறகு மாநிலப் போட்டி. அதில் தேறினால் தேசியப் போட்டி. அதன் பிறகு தேர்வு, பயிற்சி முகாம். கடைசியில் பாஸ்போர்ட், விசா, விமானச் சீட்டு. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணோ, நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகைப் பூப்பறிக்கப் போகும் ஒரு வாலிபனோ இந்தப் படிகளில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படிக்கும் இரண்டு நாள், மூன்று நாள், ஒரு வாரம் என்று வேலை போகும். வேலை போனால் கூலி போகும். பஸ் கட்டணம், ரயில் கட்டணம், சாப்பாடு, செருப்பு, சட்டை இவையெல்லாம் அதற்கு மேல்.

2025-26ம் ஆண்டுக்கு ஊரக வேலைத் திட்டத்தில், அதாவது நம் ஜனங்கள் நூறு நாள் வேலை என்று சொல்லும் திட்டத்தில், தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். அமெரிக்காவில் பந்தயம் என்றால் விசா மனுவுக்கு மட்டும் 185 டாலர் கட்டணம். நம் பணத்தில் பதினைந்தாயிரத்துக்கு மேல். நாற்பத்தைந்து நாளுக்கு மேற்பட்ட கூலியை அப்படியே எடுத்து வைத்தால் மனுப் போடலாம். மனுத்தான். விசா கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. மறுத்தால் கட்டிய பணம் திரும்பாது. நேர்முகத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து சென்னைக்குப் போக வேண்டும். இன்னும் விமானச் சீட்டின் பேச்சையே நாம் எடுக்கவில்லை.

இது வெறும் கற்பனைக் கணக்கல்ல. வடசென்னையைச் சேர்ந்த காசிமாவின் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. ஆட்டோ ஓட்டும் தொழிலாளியின் மகள். நம் டீக்கடை ஓரத்திலும் வாசகசாலையிலும் சங்க ஆபீசிலும் கிடக்கிறதே கேரம் பலகை, அதில்தான் அவர் தேர்ந்தார். 2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த கேரம் உலகக் கோப்பைக்குச் சென்று, தனியாட்டம், இரட்டையர் ஆட்டம், குழு ஆட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்று திரும்பினார். அப்போது அவருக்கு வயது 17. மறு வருஷம், 2025 டிசம்பரில், மாலத்தீவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமேட்டுப் பெண் கீர்த்தனா தங்கம் வென்றார். இவர்களுக்கெல்லாம் முன்னோடி சென்னை மரிய இருதயம். 1991லேயே உலகச் சாம்பியன். 1996ல் அர்ஜுனா விருது பெற்றவர். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்று இனி எவரும் வாய் திறக்க முடியாது.

காசிமா அமெரிக்கா போவதற்கு 2023ல் துவக்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையிலிருந்து ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். ஜெயித்து வந்த பிறகு மாநில சர்க்கார் ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. இரண்டையும் நாம் வரவேற்கிறோம். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த ஒவ்வொரு காசும் அவருடைய உழைப்புக்குக் கிடைத்தது. அதில் ஒரு தம்பிடி குறைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் தோழர்களே, கணக்கை உற்றுப் பாருங்கள். போகும் முன் கொடுத்தது, வந்த பின் கொடுத்ததில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு. மாலை வெற்றிக்குப் பின் வருகிறது; செலவோ வெற்றிக்கு முன் வருகிறது. ஜெயித்தவருக்குக் கோடி. அரை இறுதியில் தோற்றவருக்கு என்ன? மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியும் ரயில் கட்டணம் இல்லாமல் ஊரிலேயே நின்று போனவருக்கு என்ன? அவர் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வராது. அவர் மறுநாள் காலை ஷிப்டுக்குப் போய்விடுவார். அவருக்கு எவ்வளவு திறமை இருந்தது என்பது அவருக்கே தெரியாமல் போய்விடும்.

விதை நெல்லுக்குக் கை விரித்துவிட்டு, களத்து மேட்டில் நெல் குவிந்த பிறகு மேளதாளத்தோடு வருபவரை விவசாயி என்னவென்று சொல்வான்?

இந்த வேலை இன்று நேற்றுத் தோன்றியதல்ல. இங்கிலாந்தில் ஹென்லி என்னுமிடத்தில் பிரபலமான படகுப் பந்தயம் நடக்கிறது. கைத்தொழில் செய்பவன், கூலி வேலை செய்பவன் அதில் கலந்துகொள்ளக் கூடாது என்று 1879ல் விதி எழுதி வைத்தார்கள். 1937 வரை அந்த விதி இருந்தது. 1920ல் ஜான் கெல்லி என்ற அமெரிக்கப் படகோட்டி மனுச் செய்தார். அவருடைய கழகத்தோடு பழைய தகராறு இருந்ததும் ஒரு காரணம். அவர் செங்கல் அடுக்கிப் பிழைத்தவர் என்பது மற்றொரு காரணம். மனுவைத் தள்ளிவிட்டார்கள். அதே வருஷம் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அந்தச் செங்கல் தொழிலாளி தங்கம் வென்றார்!

இன்னொரு சம்பவம் நம் பஞ்சாலைத் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. அதே இங்கிலாந்தின் வடபகுதியில் ரக்பி பந்தாட்டத்தில் ஆலைத் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் ஏராளமாக ஆடினார்கள். ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி வெட்டு. அந்தக் கூலி நஷ்டத்தை மட்டுமாவது ஈடு கட்டுங்கள் என்று வடபகுதிக் கழகங்கள் 1893ல் தீர்மானம் கொண்டு வந்தன. சம்பளம் கேட்கவில்லை, பரிசு கேட்கவில்லை. இழந்த கூலியைத்தான் கேட்டார்கள். கைக்கு வலிக்காத கனவான்கள் 136க்கு 282 என்ற வாக்கில் அதைத் தோற்கடித்தார்கள். காசுக்காக ஆடினால் விளையாட்டின் புனிதம் கெட்டுப் போய்விடுமாம்! தொழிலாளிகளின் பக்கம் நின்ற இருபதுக்கு மேற்பட்ட கழகங்கள் 1895 ஆகஸ்ட் 29ந் தேதி ஹட்டர்ஸ்பீல்டு நகரில் கூடி, தனி ஸ்தாபனமே கண்டுவிட்டன. ஆடும் நாளுக்கு ஆறு ஷில்லிங் வரை கூலி நஷ்டம் தரலாம் என்று விதி செய்தன.

இன்று தொழிலாளியே வராதே என்று யாரும் விதி எழுதி வைப்பதில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. கூலி வெட்டே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அன்று பலகையில் எழுதித் தொங்கவிட்டதை இன்று ஆஜர்ப் பட்டியலில் எழுதுகிறார்கள்.

இதற்கு வழி இல்லையா? இருக்கிறது. மத்திய சர்க்கார் ஊழியர் ஒருவர் தேசிய, சர்வதேசப் போட்டிக்குத் தேர்வானால் வருஷத்துக்கு 30 நாள் வரை விசேஷ லீவு உண்டு. சம்பளம் வெட்டுவதில்லை. சரியான ஏற்பாடு. ஊழியர்கள் பெற்ற இந்த உரிமை நூற்பாலைத் தொழிலாளிக்கு ஏன் இல்லை? பாக்டரித் தொழிலாளிக்குச் சட்டம் தருவது 20 நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு. அதில் காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து, சாவு போக மிச்சம் எத்தனை நாள் நிற்கும்? விவசாயத் தொழிலாளிக்கோ அதுவும் கிடையாது.

கூலி உயர்வுக்கே வழியைக் காணோம், இவர்களுக்கு ஆட்டம் ஒரு கேடா என்று சிலர் கேட்கலாம். நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். எட்டு மணி நேர வேலை கேட்டு உலகத் தொழிலாளிகள் ரத்தம் சிந்தினார்களே, எதற்காக? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மிச்சமுள்ள எட்டு மணி நேரம் நமக்கே சொந்தம் என்பதற்காக அல்லவா? 1923ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கொடியை ஏற்றியதும் அதற்காகத்தான். அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தில் படிப்பதும் பாடுவதும் ஆடுவதும் நம் உரிமை. கூலிக் கோரிக்கையும் இதுவும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. ஆட்டத்துக்குப் போனால் கூலி போகிறது என்றால், இதுவும் கூலிப் பிரச்னையே.

மற்றொரு கேள்வியும் நியாயமானது. யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டித் தெரியாதே, முன்னால் எப்படிக் கொடுப்பது? எல்லோருக்கும் லட்சம் லட்சமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. பணம் படிப்படியாகப் போகட்டும். மாவட்ட அணியில் தேர்வானால் அந்தப் பிரயாணத்துக்கு. மாநில அணியில் தேர்வானால் அடுத்த பிரயாணத்துக்கு. தேர்வானவர் பெயரைப் பகிரங்கமாக ஒட்டி வையுங்கள். சிபாரிசுக் கடிதமும் பெரிய மனிதர் தயவும் தேவையில்லாமல், தேர்வானார் என்ற ஒரே காரணத்துக்காக, புறப்படும் தேதிக்கு முன் பணம் கையில் வரட்டும். ஒருவருக்குக் கோடி கொடுக்க முடிகிற கஜானாவுக்கு, நூறு பேரின் ரயில் கட்டணம் பாரமாகாது.

ஆகவே நாம் கோருவது:

மாவட்ட, மாநில, தேசிய அணிகளுக்குத் தேர்வாகும் ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் விசேஷ லீவு வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கு இழந்த நாட்களின் கூலியைச் சர்க்கார் தர வேண்டும்.

பிரயாணச் செலவு, பாஸ்போர்ட், விசாக் கட்டணம் ஆகியவை போட்டிக்கு முன்பே, உரிமையாக, தரப்பட வேண்டும்.

ஆலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம் பெண்கள் வேலை நேரம் போக வெளியே வந்து விளையாடவும் போட்டிகளுக்குப் போகவும் எந்தத் தடையும் இருக்கக் கூடாது.

ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் வழங்கும் திட்டத்தை மாநில சர்க்கார் 2024ல் துவக்கியது. சாமான் போதாது, மண்ணும் வேண்டும். ஒவ்வோர் ஊராட்சியிலும் பொது மைதானம் வேண்டும். சேரிப் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் ஒன்றாக இறங்கி ஆடும் மைதானமாக அது இருக்க வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நாகல் நகரிலும் பேகம்பூரிலும் சின்னாளபட்டியிலும் வடமதுரையிலும் சங்க ஆபீசுகளில் தூசி படிந்து நிற்கும் கேரம் பலகைகளை இறக்கிப் போடுவோம். ஆண்களுக்கு மட்டுமல்ல, பெண்களுக்கும் நேரம் ஒதுக்குவோம். எந்த மில்லில் யார் ஓடுகிறார், எந்தக் கிராமத்தில் யார் சடுகுடு ஆடுகிறார் என்று ஒவ்வொரு கிளையும் ஒரு பட்டியல் எழுதட்டும். அவர்களில் ஒருவர் மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகும்போது, லீவு கேட்டு அவர் தனியே மேனேஜர் அறை வாசலில் நிற்கக் கூடாது. சங்கம் கூட நிற்க வேண்டும். அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்குத் தயாராகும் கோரிக்கைப் பத்திரத்தில், போனஸ், பஞ்சப்படிக்குக் கீழே, விளையாட்டு லீவு என்ற ஒரு வரியை இன்றே சேர்த்து எழுதுவோம்!