பதினாறு எபிசோடும் வீணாப் போச்சா?



ரொம்ப நாளைக்குப் பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன். விஷயம் ஒரு கொரிய சீரியல். "டீச்சர், நீங்களுமா?" என்று சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டுப் படியுங்கள்.

லீவுக்கு வந்திருந்த என் பேத்தி ஒருநாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஹாலில் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். பதறிப்போய் என்னடி ஆச்சு என்று ஓடினால், "பதினாறு எபிசோடு பார்த்தேன் அம்மாச்சி. கடைசியில ரெண்டு பேரையும் பிரிச்சுட்டாங்க. அத்தனையும் வேஸ்ட்" என்கிறாள். அப்படி என்னதான் இருக்கிறது என்று மறுநாள் நானும் முதல் எபிசோடைப் போட்டேன். எழுத்தைப் படித்துக்கொண்டே படத்தையும் பார்க்க முதல் இரண்டு நாள் சிரமப்பட்டேன். ஒன்பது நாளில் முடித்துவிட்டேன்.

சீரியலின் பெயர் 'ட்வென்டி ஃபைவ் ட்வென்டி ஒன்'. 2022 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை கொரியாவின் டி.வி.என். சேனலில் ஒளிபரப்பானது. நெட்ஃபிளிக்ஸில் வந்து உலகம் முழுக்கப் பார்த்தார்கள். இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவைச் சொல்லாமல் என்னால் இதை எழுத முடியாது.

கதை 1998இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய நவம்பரில்தான் தென்கொரிய அரசு கையில் டாலர் இல்லாமல் ஐ.எம்.எஃப். வாசலில் போய் நின்றது. கம்பெனிகள் வரிசையாக மூடின. வேலை போனவர்கள் வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு, காலையில் டை கட்டிக்கொண்டு போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார்களாம். 1998 தொடக்கத்தில் மக்கள் தாங்களாகவே வீட்டிலிருந்த தங்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏறத்தாழ 35 லட்சம் பேர், 227 டன் தங்கம். கல்யாண மோதிரம், குழந்தையின் முதல் பிறந்தநாள் மோதிரம் எல்லாம் அதில் உண்டு. சமூக அறிவியல் டீச்சரிடம் இந்தக் கதையைக் கொடுத்தால் விடுவேனா?

கதாநாயகி நா ஹீ-டோ பதினெட்டு வயதுப் பள்ளி மாணவி. வாள்வீச்சு வீராங்கனை. பண நெருக்கடியில் அவள் பள்ளியின் வாள்வீச்சு அணியையே கலைத்துவிடுகிறார்கள். கதாநாயகன் பேக் யி-ஜின்னுக்கு இருபத்திரண்டு. பணக்கார வீட்டுப் பிள்ளை. அப்பாவின் தொழில் திவாலாகிக் குடும்பம் திசைக்கு ஒன்றாகச் சிதற, பேப்பர் போட்டுக்கொண்டும், காமிக்ஸ் புத்தகங்களை வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்துக்கொண்டும் தனியாக இருக்கிறான். அப்பாவால் பணத்தை இழந்தவர்கள் அவனைத் தேடி வந்து அழும்போது, இனி ஒருநாளும் சந்தோஷமாக இருக்க மாட்டேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுக்கிறான். இதைக் கேட்ட ஹீ-டோ, நாம் இரண்டு பேரும் இருக்கும்போது மட்டும் யாருக்கும் தெரியாமல் சந்தோஷமாக இருந்துகொள்வோம் என்கிறாள். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன்.

பிறகு அவன் டிவி நிருபராகிறான், அவள் நாட்டுக்காக விளையாடுகிறாள், காதலிக்கிறார்கள், பிரிகிறார்கள். இதையெல்லாம் நமக்குச் சொல்வது ஹீ-டோவின் மகள் மின்-சே. கொரோனா காலத்தில் பாட்டி வீட்டுக்கு வந்து அம்மாவின் பழைய டைரியைப் படிக்கிறாள். அந்தப் பெண்ணின் முழுப்பெயர் கிம் மின்-சே. கொரியாவில் பிள்ளைக்கு அப்பாவின் குடும்பப் பெயர்தான் வழக்கம். கதாநாயகன் 'பேக்', பிள்ளை 'கிம்'. ஆக இந்த இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை என்பது ஆரம்பத்திலேயே வெளிச்சம்.

ஆனாலும் ரசிகர்கள் விடவில்லை. அவன் பெயரை மாற்றிக்கொண்டிருப்பான், அவள் தத்துப் பிள்ளையாக இருப்பாள் என்று ஆளாளுக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். கடைசி எபிசோடு வந்ததும் கொதித்துவிட்டார்கள். பேத்தி காட்டியதையும், இதைப் பார்த்த நம் பிள்ளைகள் சிலரிடம் போனில் கேட்டதையும் வைத்துச் சொன்னால், கோபம் மூன்று வகை.

முதல் கட்சி: சந்தோஷமான கதை என்று ஆசை காட்டி ஏமாற்றிவிட்டார்கள், கணவன் முகத்தைக்கூடக் காட்டவில்லை.

இரண்டாம் கட்சி: பிரிந்தது சரி, பிரிந்த விதம் சரியில்லை. பதினான்கு எபிசோடு நிதானமாகக் கட்டியதைக் கடைசியில் அவசர அவசரமாக இடித்துவிட்டார்கள்.

மூன்றாம் கட்சிக்குத்தான் வலி அதிகம். ஐந்து நண்பர்களும் கடற்கரைக்குப் போன ஒரு கோடைக்காலம் வருகிறது. பார்த்த எல்லோருக்கும் பிடித்த பகுதி. கடைசியில் மகள் அதைப் பற்றிக் கேட்டால், அம்மாவுக்கு அப்படிப் போனதே ஞாபகம் இல்லை. எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது, உனக்கு எப்படி மறந்தது என்று இவர்களுக்கு ஆத்திரம்.

இரண்டாம் கட்சியோடு நான் பாதி ஒத்துப்போகிறேன். கடைசி இரண்டு எபிசோடும் ஓட்டமாக ஓடுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பள்ளி மாணவிக்கும் இருபத்திரண்டு வயது இளைஞனுக்கும் நெருக்கம் என்பது, இத்தனை வருஷம் பள்ளிப் பிள்ளைகளோடு இருந்த எனக்கு நெருடலாகத்தான் இருந்தது. அந்த நெருடலைப் பல பார்வையாளர்களும் சொன்னார்கள், நியாயம்தான். 2000 பிறக்கும்வரை கதை பொறுத்திருக்கிறது, அவனும் தயங்குகிறான் என்பதால் மேற்கொண்டு பார்த்தேன்.

ஆனால் பிரிவு திடீரென்று வந்தது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி முதல் சில எபிசோடுகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் அங்கேயே இருக்கிறது.

ஹீ-டோவின் அம்மா செய்தி வாசிப்பாளர். சிறு வயதில் ஹீ-டோவின் அப்பா இறந்தபோது, செய்தி வேலையால் அம்மா இறுதிச் சடங்குக்குக்கூட வரமுடியவில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்ததே காத்திருந்து காத்திருந்துதான். யி-ஜின்னோ, கஷ்டம் வந்தால் யாரிடமும் சொல்லாமல் தானே சுமக்கப் பழகியவன். 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த செய்தியைச் சேகரிக்கப் போகிறான். செத்தவர்களையும் அழுகிறவர்களையும் பார்த்துப் பார்த்து உடைந்துபோகிறான். அவளிடம் சொன்னால் அவளுக்கும் பாரம் என்று வாயை மூடிக்கொள்கிறான். அவள் இங்கே மறுபடியும் செய்திக்காரர் ஒருவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். இதில் வில்லன் யார்? யாரும் இல்லை. ஒருவர் சொல்லாமல் சுமக்கிறவர், இன்னொருவருக்கு இனிமேல் காத்திருக்கத் தெம்பில்லை. இப்படி முடிந்துபோன உறவுகளை நம் தெருவிலேயே எத்தனை பார்த்திருக்கிறோம்.

இன்னொரு கணக்கும் மனதில் ஓடியது. தென்கொரியா ஐ.எம்.எஃப். கடன் முழுவதையும் 2001 ஆகஸ்டில் அடைத்துவிட்டது. கெடுவுக்கு மூன்று வருஷம் முன்னதாகவே. உலகமே பாராட்டியது. அதே காலத்தில்தான் இந்தக் கதையில் இவர்கள் பிரிகிறார்கள். நாட்டின் கடன் அடைந்துவிட்டது. 1998இல் ஒரு பிள்ளை, சந்தோஷமாக இருக்க மாட்டேன் என்று கொடுத்த வாக்கு அவனை விட்டுப் போகவில்லை. பாடப் புத்தகத்தில் முதல் வரி வரும், இரண்டாவது வராது.

அந்த மூன்றாம் கட்சிக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குப் போகும் வழியில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வயது இருக்கும். "டீச்சர், எட்டாம் வகுப்புல எங்கப்பா செத்துப்போய், பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு நான் ஸ்கூலுக்கு வந்தேன். எல்லாரும் என்னையே பார்த்தாங்க. நீங்க ஒண்ணுமே கேக்கல. இனிமே தினமும் உலகப் படத்தை ஒவ்வொரு வகுப்புலயும் நீதான் மாட்டணும்னு சொல்லி அந்தச் சுருளைக் கையில குடுத்தீங்க. அந்த வருஷம் முழுக்க அதைத் தூக்கிட்டுத்தான் அலைஞ்சேன். அது இல்லேன்னா படிப்பை விட்டிருப்பேன் டீச்சர்" என்று சொல்லி அழுதாள்.

நான் அவள் தலையைத் தடவி, "ஞாபகம் இருக்கும்மா" என்றேன்.

பொய். எனக்கு ஞாபகம் இல்லை. அந்த முகமும் நினைவில் இல்லை, அந்த நாளும் நினைவில் இல்லை. உலகப் படம் மட்டும் ஞாபகம் இருக்கிறது, ஓரத்தில் துணி ஒட்டியது. வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. ஒரு பிள்ளைக்கு வாழ்க்கையாக இருந்த ஒன்று எனக்கு மறந்தே போயிருக்கிறதே, நான் எப்படிப்பட்ட டீச்சர் என்று என்னையே திட்டிக்கொண்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கடற்கரையை மறந்த ஹீ-டோவைப் பார்த்ததும் அந்தப் பாரம் கொஞ்சம் இறங்கியது. அவள் மறந்துவிட்டாள், ஆனால் அந்தக் கோடையில் கிடைத்த தைரியத்தில்தான் அவள் பிறகு வாழ்ந்திருக்கிறாள். மறந்துபோனதால் அது நடக்காததாகிவிடுமா? நான் மறந்தேன், அந்தப் பெண் படித்து முடித்தாள். இரண்டும் உண்மை. உங்களில் எத்தனை பேருக்கு நான் எதைச் செய்தேன், எதைச் செய்யத் தவறினேன் என்று எனக்கு முழுசாகத் தெரியாது. உங்களுக்கும் என்னுடையது எல்லாம் ஞாபகம் இருக்காது. ஐந்து வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்தோம், பிறகு அவரவர் வழியில் போனோம். அதை யாரும் வீண் என்று சொல்வதில்லையே.

காதலை மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறோம்?

இனி எழுதப்போவது சொந்தக்காரர்களுக்கு, முக்கியமாக எனக்கே. நம் வீட்டுப் பெண் ஒருத்திக்குப் போன வருஷம் நான்கு வருஷப் பழக்கம் ஒன்று முடிந்துபோனது. யார் என்று தேட வேண்டாம். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆறுதல் சொல்கிறேன் என்று நான் போய்ச் சொன்ன முதல் வார்த்தை, "நாலு வருஷம் வீணாப் போச்சேடி". அவள் ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். குழாயை நிறுத்தாமல் கழுவிக்கொண்டே இருந்தாள். பேத்தி "வேஸ்ட்" என்று சொன்ன அந்த ராத்திரி, அந்தக் குழாய்ச் சத்தம்தான் எனக்குக் காதில் கேட்டது.

அந்த நான்கு வருஷத்தில்தான் அவள் பயமில்லாமல் பேசக் கற்றாள், பரீட்சை எழுதினாள், வேலைக்குப் போனாள். தட்டிக்கொடுக்க ஒருவன் இருந்தான். பிறகு இல்லை. அதற்காக அவள் பேசக் கற்றது பொய்யாகிவிடாது. அவள் பட்ட துக்கம் போதாதென்று, அந்த வருஷங்களையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டது நாம்தான். நான்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "விடுங்க அத்தை" என்றாள். அது என் தப்பு இல்லை என்று ஆகாது.

ஹீ-டோவும் யி-ஜின்னும் முதலில் பிரிவது ஒரு சுரங்கப் பாதையில், வாய்க்கு வந்ததைப் பேசி. பிறகு மனசு கேட்காமல் ஓடிவந்து, நன்றி சொல்லி, கட்டியணைத்து, ஒழுங்காக விடைபெறுகிறார்கள். முடிந்தது முடிந்ததாகவே இருக்கிறது. ஆனால் அதை அசிங்கப்படுத்தாமல் முடிக்கிறார்கள். வருஷங்கள் கழித்து யி-ஜின் ஒரு பழைய கணக்கின் பாஸ்வேர்டை மறந்துவிடுகிறான். உன் முதல் காதல் யார் என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. அவன் அவள் பெயரைத் தட்டுகிறான், கணக்கு திறந்துகொள்கிறது. அவ்வளவுதான். அவளைத் தேடிப் போகவில்லை.

இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னேன். "நீங்க என்ன சொன்னாலும் சேர்த்து வச்சிருக்கலாம் அம்மாச்சி" என்கிறாள். பதினேழு வயதில் அப்படித்தான் சொல்ல வேண்டும். நானும் கடைசி எபிசோடில் அழுதேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை, இங்கே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

பார்த்தவர்கள் உங்கள் கட்சி எது என்று எழுதுங்கள். சண்டை போடலாம், மரியாதையாக.

உலகப் படம் தூக்கிய என் பிள்ளை இதைப் படித்தால், அன்றைக்குச் சொன்ன பொய்க்கு டீச்சரை மன்னித்துவிடு. ஒரு நாள் வீட்டுக்கு வா. அந்த வருஷத்தை நீ முதலிலிருந்து சொல்லு, நான் கேட்கிறேன்.