கோப்பை எப்போது என்று கேட்பதற்கு முன்...



"இந்த வருஷமாவது தலைவாஸ் கப் அடிக்குமாடா?"

புரோ கபடி சீசன் தொடங்கும்போதெல்லாம் நம் வகுப்பிலும் ஹாஸ்டலிலும் டீக்கடையிலும் கேட்கிற கேள்வி இது. பத்து மேட்ச் முடிந்ததும் கேள்வி போய் தீர்ப்பு வந்துவிடும். "விடு மச்சி, இவனுங்க எப்பவுமே இப்படித்தான்!" அந்தக் கேள்வியும் சரியில்லை, இந்தத் தீர்ப்பும் சரியில்லை என்பது என் கட்சி. ரசிகன் எதிர்பார்க்க வேண்டியதை எதிர்பார்ப்பதில்லை, கோபப்பட வேண்டிய இடத்தில் கோபப்படுவதில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன்? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பிறகு சண்டைக்கு வாருங்கள்!

முதலில் நம் எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நம்மைக் கெடுத்தது சென்னை சூப்பர் கிங்ஸ்தான்! 2008 முதல் 2019 வரை தான் ஆடிய ஒவ்வொரு ஐ.பி.எல். சீசனிலும் அடுத்த சுற்றுக்குப் போன அணி அது. 2020-ல்தான் முதல் முறையாகத் தவறியது. 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பை. இதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, மஞ்சள் சட்டை போட்டால் ஜெயிப்பது இயற்கை, தோற்பது விபத்து என்று தோன்றிவிட்டது. 2025-ல் அதே சென்னை பத்தாவது இடத்தில், கடைசியாக வந்து நின்றபோது நம்மில் பலருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கபடி அணியின் தலையில் வைக்கிறோம்.

தமிழ் தலைவாஸின் கதை வேறு. புரோ கபடி 2014-ல் எட்டு அணிகளோடு தொடங்கியது. 2017-ல் நான்கு அணிகள் சேர்ந்து பன்னிரண்டானது. அந்த நான்கில் ஒன்று நம்முடையது. சச்சின் டெண்டுல்கர் உரிமையாளர்களில் ஒருவர், கமல்ஹாசன் விளம்பரத் தூதர்... ஆரம்பம் அமர்க்களம்தான். ஆட்டம்? 2017-ல் தன் பிரிவில் கடைசி. 2018-ல் தன் பிரிவில் கடைசி. 2019-ல் பன்னிரண்டு அணியில் பன்னிரண்டாவது. நம் பாஷையில் சொன்னால் மூன்று வருஷமும் ஆல் அரியர்!

இதில் கவனிக்க வேண்டியது 2019 அணியைத்தான். அஜய் தாக்கூர் இருந்தார். அந்த ஆண்டுதான் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ராகுல் சௌதரி இருந்தார். மஞ்சீத் சில்லர் இருந்தார். போஸ்டர் ஒட்டினால் சுவர் போதாது. அத்தனை பெரிய பெயர்கள்! "இந்த தடவை நம்மதான்டா" என்று மார்தட்டாதவர் கிடையாது. 22 ஆட்டத்தில் நான்கே வெற்றி.

நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பையன்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊர் ஊராக மின்னொளி கபடி நடக்கிறது. முதல் பரிசு மேல் ஆசைப்பட்டு நான்கு வெளியூர் ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து இறக்குகிற செட்டைப் பார்த்திருப்பீர்கள். தனித்தனியாக ஒவ்வொருத்தனும் புலி. ஆனால் கார்னர் காலைப் பிடிக்கும்போது கவர் வந்து விழ வேண்டும் அல்லவா? அந்த அரை நொடி, சேர்ந்து ஆடிப் பழகினால்தான் வரும். தினமும் சாயங்காலம் ஒரே மண்ணில் புரண்ட ஏழு சாதாரணப் பையன்கள் அந்தப் புலிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள்.

இதற்குச் சாட்சி வெளியே தேட வேண்டாம். தலைவாஸே சாட்சி.

2022-ல் நடந்த 9-வது சீசனில் நம் அணி பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. அதுவரை லீகில் யாருக்கும் தராத விலை. ஓர் அணிக்கு அனுமதித்த மொத்தப் பணத்தில் கிட்டத்தட்ட பாதி! என்ன ஆயிற்று? முதல் ஆட்டத்திலேயே அவருக்குக் காலில் அடி, சீசனே முடிந்தது. "போச்சுடா" என்று நாம் கையை உதறிய நேரத்தில்தான் அதிசயம் நடந்தது. நரேந்தர் என்ற இளைஞர், புரோ கபடியில் அதுவே அவருக்கு முதல் சீசன், 243 ரெய்டு புள்ளி எடுத்தார். சாகர், சாகில் குலியா, மோகித், ஹிமான்ஷு, நம் ஊர் அபிஷேக் என்று தடுப்பாட்டத்தில் எல்லாம் இளவட்டம். இவர்களில் பலர் முந்தைய சீசனில் 11-வது இடத்தில் அடிபட்ட அணியில் இருந்தவர்கள். சீசன் நடுவில் அஷன் குமார் பயிற்சியாளராக வந்தார். முதல் முறையாகப் பிளேஆஃப். உ.பி. யோதாஸை டை-பிரேக்கரில் சாய்த்து அரையிறுதி. அங்கே புனேரி பல்டனிடம் 37-39. இரண்டே புள்ளி!

அந்தச் சீசனில் சென்னையில் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெங்களூர், புனே, ஐதராபாத், கடைசியில் மும்பை. சொந்த ஊர் கைதட்டல் ஒன்றுகூட காதில் விழாமல் பையன்கள் செய்த காரியம் அது.

பிறகு? 10-வது சீசனில் பெரும்பாலும் அதே பையன்கள், ஆனால் 9-வது இடம். அவ்வளவுதான், பொறுமை போயிற்று. பயிற்சியாளர் மாற்றம். 11-வது சீசனுக்குச் சச்சின் தன்வரை 2.15 கோடிக்கு ஏலத்தில் எடுத்தார்கள். மறுபடியும் 9-வது இடம். மறுபடியும் பயிற்சியாளர் மாற்றம். 2025-ல் நடந்த 12-வது சீசனுக்கு அர்ஜுன் தேஷ்வால், திரும்பவும் பவன் செராவத். ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி நிர்வாகம் பவனைச் சீசனின் நடுவிலேயே அனுப்பியது. அவர் அதை மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்ற பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். எட்டு அணிக்கு அடுத்த சுற்றில் இடம் இருந்தது, அந்த எட்டில் நாம் இல்லை. நமக்குத் தெரிய வேண்டியது அது.

சிவில் படிக்கிற நண்பர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், மெக்கானிக்கல்காரர்கள் மன்னிக்கவும். கான்கிரீட் கியூபை 28 நாள் தண்ணீரில் போட்டு வைத்துத்தான் முழு வலு பார்க்கிறோம். ஏழாம் நாள் உடைத்தால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் காட்டும். அதைப் பார்த்து "மிக்ஸ் சரியில்லை" என்று எவனாவது காலத்தை இடிப்பானா? தலைவாஸில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். ஒரு வருஷம் வலு காட்டியது, அடுத்த வருஷம் குறைந்தது, உடனே சென்ட்ரிங்கைப் பிரித்தார்கள்.

"நட்சத்திரமே வேண்டாமா அப்போ?" என்று கேட்பீர்கள். வேண்டும் ஐயா! எப்போது வேண்டும் என்பதுதான் விஷயம். நம்மை இரண்டு புள்ளியில் வென்ற புனேரியைப் பாருங்கள். அஸ்லம் இனாம்தார், மோகித் கோயத், ஆகாஷ் ஷிண்டே, பங்கஜ் மோகிதே என்று இளைஞர் கூட்டத்தைக் கலைக்காமல் வைத்திருந்தார்கள். 9-வது சீசன் இறுதிப் போட்டியில் தோற்றார்கள். கூட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஈரான் வீரர் முகமதுரேசா ஷாட்லூயியை 2.35 கோடிக்குச் சேர்த்தார்கள். 10-வது சீசன் கோப்பை அவர்களுக்கு.

அடுத்து ஹரியானா ஸ்டீலர்ஸ். நம்மோடு 2017-ல் ஒரே நாளில் பெயர் வைத்த பிள்ளை மாதிரி. 9-வது சீசனில் மன்பிரீத் சிங் பயிற்சியாளராக வந்தார். அந்த வருஷம் பிளேஆஃப் கிடைக்கவில்லை. யாரும் அவரைத் துரத்தவில்லை. 10-வது சீசனில் இறுதிப் போட்டி வரை வந்து தோற்றார்கள். பிறகு அதே ஷாட்லூயியை 2.07 கோடிக்கு எடுத்தார்கள். 11-வது சீசனில் பாட்னாவை வென்று கோப்பை! மூன்று வருஷக் கோர்ஸ், மூன்றாம் வருஷம் சர்டிபிகேட். நம் டிப்ளமோவைப் போலவே இருக்கிறது பாருங்கள்.

ஆக, இவர்களும் கோடி கொடுத்தார்கள், நாமும் கோடி கொடுத்தோம். அவர்கள் காலம் எழுப்பிய பிறகு மேலே ஸ்லாப் போட்டார்கள். நாம் பேஸ்மட்டம் காய்வதற்குள் ஸ்லாபுக்குச் சாமான் வாங்கினோம்.

கடல் கடந்தும் ஒரு கதை உண்டு. அமெரிக்கக் கால்பந்து என்று ஒன்று இருக்கிறதே, தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டி மோதுவார்களே, அதில் டெட்ராய்ட் லயன்ஸ் என்று ஓர் அணி. கார்த் தொழிற்சாலைக்குப் பெயர் போன ஊர். 2008-ல் 16 ஆட்டம், 16 தோல்வி. 2021-ல் டேன் கேம்ப்பெல் என்ற பயிற்சியாளர் வந்தார். அந்த வருஷம் மூன்றே வெற்றி. அடுத்த வருஷம் முதல் ஏழு ஆட்டத்தில் ஒரே வெற்றி. நாமாக இருந்தால் என்ன பேசியிருப்போம்? அங்கே அவரை வைத்துக்கொண்டார்கள். அந்த வருஷத்தை 9 வெற்றி, 8 தோல்வி என்று முடித்தார். 2023 சீசனில் 12 வெற்றி, 30 வருஷம் கழித்துத் தங்கள் பிரிவில் முதலிடம், இறுதிப் போட்டிக்கு ஒரு படி கீழே வரை வந்தார்கள். அந்த லீகில் கடைசியாக வருகிற அணிக்குத்தான் புது இளைஞர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. தோற்றவன் எழுந்து நிற்க விதியே வழி செய்கிறது. ஆனால் விதி ஆளைத்தான் தரும், பொறுமையை ஊர்தான் தர வேண்டும்.

சரி, ரசிகன் என்றால் வாயைப் பொத்திக்கொண்டு பொறுத்துப் போக வேண்டுமா? கிடையவே கிடையாது! "காசு கொடுத்துப் பாக்கிறோம், கேக்கக் கூடாதா?" என்பது நியாயமான பேச்சு. நம் மாவட்டத்திலிருந்து நேரு உள்விளையாட்டரங்கத்துக்குப் போய் வர ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் போகிறது. கேட்க வேண்டியதுதான். சரியானதைக் கேட்போம் என்கிறேன்.

முதல் வருஷம் கோப்பை கேட்கக் கூடாது. "எந்த ஏழு பேரை வளர்க்கப் போகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். இரண்டாம் வருஷம் "அந்த ஏழு பேரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கடைசி ஐந்து நிமிஷத்தில் கையில் இருந்த ஆட்டத்தை விடுவது குறைந்திருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். மூன்றாம் வருஷம் தாராளமாகக் கோப்பை கேட்கலாம். வராவிட்டால் கோபப்படலாம். ஒவ்வொரு வருஷமும் முதல் வருஷமாகவே தொடங்கினால், அன்றைக்கே கோபப்பட வேண்டும். தோல்விக்குத் திட்டுகிறோம், கலைத்துப் போடுவதற்குக் கைதட்டுகிறோம். பெரிய பெயர் ஒன்றை ஏலத்தில் எடுத்த அன்று செல்போனில் நாம் போடும் கூச்சல் நிர்வாகத்துக்குக் கேட்காமலா இருக்கும்? ஏலத்தன்று நாம் கேட்டதைத்தான் கொடுக்கிறார்கள்.

நாம் கேட்க மறந்த இன்னொன்றும் இருக்கிறது. தமிழ் என்று பெயர் வைத்த அணியில் தமிழ்ப் பையன் எத்தனை பேர்? முதல் சீசனில் நன்றாகப் பாடிப் போன பிரபஞ்சன் அடுத்த சீசனில் குஜராத்துக்குப் போனார், அப்புறம் பெங்கால், பிறகுதான் திரும்பி வந்தார். தஞ்சைப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் 2016-ல் தலைவராக நின்று கோப்பையைத் தூக்கியது பாட்னாவுக்காக! வடக்கிலிருந்து வரும் வீரர்கள் மேல் நமக்கு ஒரு வருத்தமும் இல்லை. நரேந்தரை நாம் தலையில் வைத்துக் கொண்டாடவில்லையா? அவர் ஏலத்தில் வந்தவரே இல்லை. புது இளைஞர்களை ஏலத்துக்கு வெளியே எடுத்து வளர்க்க லீகில் தனி வழி இருக்கிறது, அதில் வந்தவர். அந்த வழி ஏன் கல்வராயன் மலை வரை வரக் கூடாது?

வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் நம்மோடு படிக்க வருகிற நண்பர்களின் கால் வலுவை மைதானத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏறி இறங்கியே உரமேறிய கால். அவர்களுக்கு இல்லாதது மேட். மண்ணில் ஆடியவன் முதல் முறை மேட்டில் இறங்கினால் திரும்புகிற வேகமே மாறிப்போகும், ஷூ போட்டு ஆடப் பழக வேண்டும். முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் கபடி உண்டு, கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு. மாவட்ட அளவில் அது நடக்கிற அன்று தலைவாஸின் ஆள் ஒருவர் வந்து ஓரமாக நின்று பார்க்கட்டும். இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. நம் மாணவர் பேரவை ஒரு கடிதம் எழுதினால் தபால் செலவைத் தவிர என்ன நஷ்டம்?

நம் பங்கும் ஒன்று உண்டு. டி.வி.யில் தலைவாஸ் தோற்றால் ராத்திரி முழுக்கப் பேசுகிற நாம், நம் கல்லூரி அணி மண்டலப் போட்டிக்குப் போனால் எத்தனை பேர் போய் நிற்கிறோம்? முதல் சுற்றில் தோற்று வந்த ஜூனியர் பையனிடம் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா, பிராக்டிஸை விடாதே" என்று சொல்லியிருக்கிறோமா? அந்த வார்த்தையை இங்கே சொல்லப் பழகாதவன் சென்னை அணிக்கு மட்டும் எப்படிச் சொல்வான்?

நண்பர்களே! அடுத்த சீசன் வரும். யாரோ ஒரு புதுப் பையன் முதல் மூன்று ரெய்டில் பிடிபட்டு வெளியே போய் உட்காருவான். "இவனைத் தூக்குங்கடா" என்று சொல்ல நாக்கு துடிக்கும். கொஞ்சம் அடக்குங்கள். நாலாவது ரெய்டுக்கு அவனை அனுப்பட்டும்.

— மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்