ஒரிஜினல் என்று எதைச் சொல்கிறோம்?



வாப்பாட ஹொண்டா எம்.டி. 90ஐப் பழைய கோலத்துக்குக் கொண்டு வர நாங்கள் சகோதரர்கள் மூன்று பேரும் தொடங்கி ஒரு வருஷமாகப் போகிறது. வரிப்பத்தான்சேனையில் இருந்து வயலுக்கு உர மூட்டையையும் பள்ளிக்கூடத்துக்கு எங்களையும் சுமந்த வண்டி அது.

எஞ்சினை பாஸ் எழுப்பித் தந்துவிட்டார். சாமான் தேடுவதுதான் பெரிய பாடு. அக்கரைப்பற்று, கல்முனை, அம்பாறை எல்லாம் அலைந்து, கடைசியில் கொழும்பு பஞ்சிகாவத்தை வரைக்கும் போனோம். எல்லாக் கடையிலும் ஒரே பதில்: "இது ஒரிஜினல்தான் சேர்."

அந்தச் சொல்லை நம்பி இரண்டு முறை காசை இழந்த பிறகுதான் இலக்கம் பார்க்கப் பழகினோம். ஹொண்டா சாமானின் இலக்கம் பொதுவாக மூன்று துண்டாக இருக்கும். முதல் 5 இலக்கங்கள் அது என்ன சாமான் என்று சொல்லும். நடுவில் உள்ள 3, அது முதலில் எந்த மாடலுக்குச் செய்யப்பட்டது என்று சொல்லும். கடைசித் துண்டு அதன் வகையையும் திருத்தத்தையும் காட்டும். ஆகவே வேறொரு ஹொண்டாவின் பெயரில் கிடக்கும் சாமான்கூட எங்கள் வண்டிக்கு உரியதாக இருக்கலாம். கடைக்காரரின் வாயைப் பார்க்காமல் இலக்கத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் எல்லாமே பழசாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் எங்களுக்கு இல்லை. டேங்க், மட்காட், விளக்கு, பட்ஜ் போன்றவை அந்தக் காலத்துடையதாக இருந்தால் அழகுதான். பிரேக் ஷூ, டயர், செயின், வயர் இவற்றில் பழசைத் தேடுவது உயிரோடு விளையாட்டு. முப்பது வருஷம் பெட்டியில் கிடந்த றப்பர், ஒரிஜினல் என்றாலும் இறுகிப்போன றப்பர்தான்.

அதைவிடப் பெரிய விஷயம், சாமான் எங்கிருந்து வந்தது என்பது. ஓர் இடத்தில் அருமையான எஞ்சின் ஒன்று மலிவாக வந்தது. புத்தகம் இல்லை, இலக்கம் சுரண்டியிருந்தது. விட்டுவிட்டு வந்தோம். இன்னொருவரின் வயிற்றில் அடித்து எடுத்த பொருளை வைத்து வாப்பாட ஞாபகத்தை அலங்கரிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. வாங்குகிறவன் கேள்வி கேட்காததால்தான் களவு வண்டி கழற்றி விற்கப்படுகிறது. அதேபோல, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வண்டியை உடைத்து ஷோவுக்கு நிற்கும் வண்டிக்குப் பூட்டுவதும் எங்கள் பார்வையில் பிழை. அந்த வண்டியில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு ஓடும்.

யோசித்தால் சிரிப்பும் வருகிறது. எம்.டி. 90 என்பது ஜப்பான் தபால்காரர்களுக்காகச் செய்த சிவப்பு வண்டி. அங்கே கடிதம் சுமந்து முடித்து, பாவித்த வண்டியாகத்தான் எங்கள் நாட்டுக்கு வந்தது. வாப்பா வாங்கிய அன்றே அது பழசு! இன்று நாங்கள் தேடி அலையும் சைட் கவரை, உடைந்ததென்று பழைய இரும்புக்காரரிடம் கொடுத்ததும் நாங்களேதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டுப் பின்பக்கத்தில் பழைய வண்டி கிடந்தால், நிறைக்குப் போட முன் ஒருதரம் யோசியுங்கள். புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள். கழற்றிய சாமானை எறியாமல் பெயர் எழுதி ஒரு பெட்டியில் போடுங்கள். ஊரில் இருக்கும் வயதான பாஸ்மாரிடம், அவர்கள் இருக்கும்போதே தொழிலைக் கேட்டு வையுங்கள்.

எங்களுக்கு இன்னும் அந்தச் சைட் கவர் கிடைக்கவில்லை. புத்தகத்தோடு நேர்மையாக வந்தால், கீறல் இருந்தாலும் வாங்குவோம், இன்ஷா அல்லாஹ்.